வண்டி ஹீட் ஆனா தண்ணி ஊத்தினா போதுமா?

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி பக்கம் வண்டி ஹீட் ஆனால் இரண்டே வைத்தியம்தான். ஒன்று, ரேடியேட்டரில் தண்ணி ஊற்று. இல்லையா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசு. அடுத்த வாரம் அதே வண்டி மறுபடி ஹைவே ஓரம் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்!

முதலில் தண்ணி. எரியும் டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சூடாகக் கூலன்ட் வழியாக வெளியே போக வேண்டும். அந்த வழியில் போர் தண்ணியை ஊற்றினால் என்ன ஆகும்? தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது ஊரறிந்த கதை. 1996லேயே உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்கணும் என்று தீர்ப்புச் சொன்னது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அடைப்பு வரும், அலுமினியம் அரிக்கும். ஆத்திர அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. ஊர் வந்ததும் அதை வடித்துக் கழுவிவிட்டு சரியான கூலன்ட் ஊற்ற வேண்டும்.

அடுத்து தெர்மோஸ்டாட். "அது குளிர் நாட்டு ஐட்டம், இங்க எதுக்கு?" என்பார்கள். பல வண்டிகளில் அது 82 முதல் 88 டிகிரி வாக்கில்தான் திறக்கும். இன்ஜின் சரியான சூட்டுக்குச் சீக்கிரம் வர அது வேண்டும். கழட்டிவிட்டால் இன்ஜின் குளிர்ந்தே ஓடி டீசல் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் சூடான தண்ணி ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாகச் சுற்றி வந்துவிடும். கெட்டுவிட்டதா என்று சந்தேகமா? கொதிக்கிற தண்ணியில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கெட்டிருந்தால் புதுசு மாட்ட வேண்டியதுதான்.

உண்மையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது ஹீட் ஆகிறது என்பதுதான். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் என்றால் ஃபேன், ஃபியூஸ், ரிலே. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதோ ஹைவேயில் வேகமாகப் போகும்போதோ என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த பெல்ட், வாட்டர் பம்ப். ஒழுகலே இல்லாமல் கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் பால் மாதிரி ஆகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் மறக்கக்கூடாது. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் எல்லாம் போச்சு.

இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? நிறைய பேருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கஸ்டமர் பார்ட்ஸுக்குக் காசு கொடுப்பார். அரை நாள் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டார். "இன்னைக்கு ஓடினா போதும்ணே" என்பார். அவரும் அதற்குத் தகுந்த வேலையைத்தான் செய்வார்.

2005ல் டாடா ஏஸ் வந்த பிறகு, கடனில் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். ஹெட் வளைந்து வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் படுத்தால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. சில நூறு ரூபாய் கூலன்டையும் மெக்கானிக்கின் அரை நாள் கூலியையும் மிச்சம் பிடிக்கப் போய் பல ஆயிரம் செலவு செய்வது என்ன கணக்கு?

கடைசியாக ஒன்று. முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணி முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணியை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறிய பிறகு மெக்கானிக்கிடம் போய், "எதனால ஹீட் ஆகுதுன்னு பாருங்கண்ணே, பார்க்கிற கூலியையும் தந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.