பேய்க்கதையும் ஒரு வாத்தியாரும்



கொல்கத்தா பார்க் தெருவில், 1767ல் திறந்த பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே பேய் உலவுவதாகப் பேச்சு. மார்கழிக் காலையில் போனால் நம்பத்தான் தோன்றும்! இரவில் தரை குளிர்ந்துவிட, அதையொட்டிய ஈரக்காற்று பனிமூட்டமாகிறது. கூம்பும் தூணுமான கல்லறைகள், ஆள் நிற்பது போலத் தெரிகின்றன. வெயில் ஏறியதும் வெறும் கல்தான்.

அப்போது பெயர்களைப் படிக்கலாம். அதில் ஒருவர் ஹென்றி டெரோசியோ. 17 வயதில் இந்து கல்லூரி ஆசிரியரானவர். எதையும் கேள்வி கேட்க மாணவர்களைப் பழக்கினார். பெரியவர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. 1831 ஏப்ரலில் வேலை போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் காலராவால் இறந்தார். வயது 22 தான்.

கேள்வி கேட்கச் சொன்னவர் படுத்திருக்கும் இடத்துக்கா பேய்க்கதை! கொல்கத்தாவுக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள், மிருகக்காட்சி சாலையோடு இவரையும் பார்த்துவிட்டு வரட்டும்.