தோண்டாமலே கண்ட இரும்பு



நாம் நடமாடும் இந்தப் பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? மண்ணா, கல்லா, நெருப்பா? உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

தரையிலிருந்து பூமியின் நடுமையம் 6,371 கிலோமீட்டர். மனிதன் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. 1989-இல் அது 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. பூசணிக்காயின் தோலில் ஊசியால் கீறியது போலத்தான்! அப்படியிருந்தும் நடுவில் இரும்பு இருப்பதாக விஞ்ஞானிகள் உறுதியாகக் கூறுகிறார்கள். எப்படி?

முதல் சாட்சி எடை. 1798-இல் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ், ஈயக் குண்டுகளைக் கொண்டு ஒரு நுட்பமான சோதனை செய்தார். பூமி, அதே அளவு தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தரை மடங்கு கனம் என்று தெரிய வந்தது. நம் வீட்டு அம்மிக்கல்லோ இரண்டே முக்கால் மடங்குதான். மேலே கனம் குறைவென்றால், உள்ளே மிகக் கனமான பொருள் இருந்தாக வேண்டும் அல்லவா? வானிலிருந்து விழும் கற்களில் சில, இரும்பும் நிக்கலும் கலந்த உலோகமாகவே இருக்கின்றன. அதுவும் ஒரு துப்பு.

இரண்டாவது சாட்சி நில நடுக்கம். தேங்காய் வாங்கும்போது காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். உடைக்காமலே தண்ணீர் இருப்பது தெரிகிறது. நில நடுக்கமும் பூமியை அப்படி ஆட்டுகிறது. அதன் அலைகளில் ஒருவகை திரவத்துக்குள் புகாது. 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த அலை நின்றுவிடுகிறது. ஆகவே அங்கே இரும்பு உருகிக் கிடக்கிறது என்று கண்டார்கள்.

அதற்குக் கீழே நடுமையம் வரை எல்லாம் திரவமே என்றுதான் முதலில் எண்ணினார்கள். 1929-இல் நியூசிலாந்தில் ஒரு நில நடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்வுகள், வரக்கூடாத இடங்களில் மெல்லியதாகப் பதிவாகியிருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமான் அம்மையார் அதை விடவில்லை. கணினி இல்லாத காலம். ஓட்ஸ் வரும் அட்டைப் பெட்டிகளில் குறிப்புச் சீட்டுகளை அடுக்கி வைத்துக் கணக்குப் பார்த்தார். திரவத்துக்கு நடுவே இன்னொரு உருண்டை உண்டு என்று 1936-இல் அறிவித்தார். அது கெட்டியான உலோகம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

பூமியின் எடையை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 32 பங்கு இரும்பு, 30 பங்கு பிராணவாயு, 15 பங்கு சிலிக்கான், 14 பங்கு மெக்னீசியம். பிராணவாயு என்றதும் காற்றை நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது பாறைகளுக்குள் சேர்ந்து கிடக்கிறது.

இரும்பு எப்படி நடுவுக்குப் போயிற்று? செம்பனை ஆலைத் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கிறது. கனமான கசடு அடியில் தங்குகிறது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருகிக் கிடந்தபோது, இரும்பும் அப்படியே இறங்கியது. மேலே தங்கிய கொஞ்சம் இரும்புதான் நம் தோட்டத்துச் செம்மண்ணைச் சிவக்க வைத்திருக்கிறது.

உருகிய அந்த இரும்பின் ஓட்டத்தால் பூமி ஒரு பெரிய காந்தமாகிறது. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்துகள்களை அந்தக் காந்தசக்தி தடுத்து விலக்குகிறது. செவ்வாய்க் கிரகம் இந்தக் கவசத்தை இழந்தது. அதன் காற்றில் பெரும்பகுதி விண்வெளியில் கலைந்து போயிற்று.

பெற்றோர்களே, “பெண் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் எதற்கு?” என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. பூமியின் நடுவில் இருப்பதை, அட்டைப் பெட்டியும் பென்சிலும் கொண்டு கண்டுபிடித்தவர் ஒரு பெண். உங்கள் மகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால், “நாளைக்கு வாத்தியாரிடம் கேள்” என்று அனுப்பி வையுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.