திறப்பு விழாவுக்குப் பிறகுதான் வேலை

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த நண்பர் தம் மகளைப் பற்றிக் கவலைப்பட்டார். பெண் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கையில் இருக்கிறது. அவளோ நம் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்தில் துகள் முடுக்கிப் பிரிவில்தான் சேருவேன் என்கிறாளாம். "இன்டஸ்-2 இயந்திரத்தை 2005-லேயே ஓடவிட்டாயிற்றே சார்! இனி அதில் இவளுக்கு என்ன வேலை? காவல் காக்கவா?" என்று கேட்டார்.

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன். அடியேன் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன், விஞ்ஞானி அல்லன். ஆனால் வளைந்த பாதையைக் கட்டிக் காப்பது என்றால் என்னவென்று முப்பது வருடத்துக்கு மேல் பட்டு அறிந்தவன்.

இன்டஸ்-2 என்பது சுமார் 172 மீட்டர் சுற்றளவுள்ள, காற்று நீக்கிய குழாய் வளையம். அதனுள் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், நொடிக்கு 17 லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகின்றன. வளைவில் திரும்பும்போது அவை உமிழும் எக்ஸ்-கதிர்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. அவற்றைத் திருப்ப 16 காந்தங்கள். சிதறாமல் குவிக்க 72 நாலு முனைக் காந்தங்கள். இத்துடன் முடிந்திருந்தால் நண்பர் சொன்னது சரி.

எல்லா எலெக்ட்ரானுக்கும் சக்தி ஒரே அளவாக இருப்பதில்லை. சற்று அதிகம் உள்ளதைக் குவிக்கும் காந்தம் குறைவாகவே வளைக்கும். அந்தக் குறையைப் போக்க 32 ஆறு முனைக் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். மருந்து நல்ல மருந்துதான், பக்க விளைவுதான் பொல்லாதது. நாலு முனைக் காந்தத்தில் துகள் நடுவிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் இழுப்பும் இரண்டு மடங்கு. ஆறு முனையிலோ நான்கு மடங்கு! நடுவில் ஓடும் துகளுக்குத் தொந்தரவில்லை. ஓரத்தில் ஊசலாடுகிற துகள் தாளம் தப்பி, கடைசியில் குழாய்ச் சுவரில் மோதித் தொலைந்து போகும்.

தாளம் என்று சும்மா சொல்லவில்லை. 13 மீட்டர் தண்டவாள இணைப்புகள் மேல் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் பெட்டி குதிகுதியென்று குதிக்கும். வேகத்தை மாற்றினால் அடங்கிவிடும். வளையத்திலும் அப்படியே. துகள் ஒரு சுற்றில் ஆடும் ஆட்டம் முழு எண்ணாகவோ, அரையிலோ, மூன்றில் ஒன்றிலோ போய் நின்றால், ஒரு சிறு பிழையே சுற்றுக்குச் சுற்று சேர்ந்து பெரிதாகிவிடும். ஒரு மணி நேரத்தில் 600 கோடி சுற்றுக்கு மேல் என்றால் யோசித்துப் பாருங்கள். இதில் இன்னொரு சங்கடம், ஆட்டம் பெரிதானால் தாளமும் மாறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வளைவில் ஓரிடத்தில் வண்டி உதைக்கிறது என்று புகார். நான் அந்த இடத்தில் மட்டும் தண்டவாளத்தை 10 மில்லிமீட்டர் நகர்த்தினேன். மறுநாள் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் உதைத்தது! 20 மீட்டர் கயிறு பிடித்து வளைவை அளப்பவர்களுக்குத் தெரியும், ஓரிடத்தில் 10 நகர்த்தினால் பக்கத்து அளவுகள் இரண்டும் எதிர்ப்புறமாக 5 மாறும். "முழு வளைவையும் அளக்காமல் கை வைக்காதீர்கள், சாஹிப்" என்றார் கேங் மேட். படிக்காதவர். எனக்கு அவர்தான் வாத்தியார்.

வளையத்திலும் இதே பாடம்தான். ஒரு சிறு காந்தத்தைத் தொட்டு, சுற்றிலும் பாதை எங்கெங்கே எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, எந்தக் காந்தம் பிசகு என்று கணக்கிடும் முறை இந்தூரிலும் கையாளப்பட்டிருக்கிறது. ஓரத்துக் கோளாறுக்கு அது போதாது. கற்றையை ஒரு தட்டுத் தட்டி, ஒவ்வொரு சுற்றிலும் எங்கே இருக்கிறது என்று குறித்து, அதன் தாளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைத் தந்தவர் லாஸ்கர் என்ற பிரெஞ்சு வானியலாளர். கிரகங்களின் பாதை நிலையானதா என்று ஆராய்ந்தவர்! அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள வளையத்தில் இதை அளந்து காட்டி 2000-ல் வெளியிட்டார்கள். அந்த வளையம் ஒரே மாதிரியான 12 பகுதிகள் கொண்டது. ஆனால் காந்தங்களின் சிறு பிழைகளால் அந்த ஒற்றுமை கெட்டு, வரைபடத்தில் தலைகாட்டக் கூடாத அதிர்வுகள் தலைகாட்டின. குவிக்கும் காந்தங்களைத் திருத்தி ஒற்றுமையை மீட்டபோது அவை தணிந்தன.

இதையெல்லாம் செய்கிறவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ரிப்பன் வெட்டுகிற நாளில் பத்திரிகையில் படம் வரும். இன்டஸ்-2-ல் முதல் ஒளி வந்தது 2005-ல். அதன் பிறகு திட்டமிட்ட சக்தியில் நல்ல கற்றையை நிறுத்திவைக்கப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. அந்த வருடங்களை யார் பேசினார்கள்? நம் வீடுகளிலும் அப்படித்தான். 'கட்டியவன்' என்றால் மரியாதை, 'பராமரிக்கிறவன்' என்றால் இளக்காரம். எனக்குப் பெண் பார்த்தபோதே இதைக் கேட்டவன் நான்.

சம்பள வித்தியாசம் எனக்கும் தெரியும். அதைப் பெண்ணும் தகப்பனாரும் பேசிக்கொள்ளட்டும். "அங்கே வேலை இல்லை" என்ற காரணத்தை மட்டும் அவர் சொல்ல வேண்டாம்.

சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து, அந்த மையத்தில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரைத் தமிழில் பேசச் சொல்லலாம். கேள்வி கேட்க அந்த நண்பரை முன்வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு.