சுவர் பதிந்தது, மனிதன் எங்கே?

இரண்டு படங்களை அருகருகே வைக்கிறார்கள். இடப்புறம் 'முன்பு', வலப்புறம் 'பின்பு'. இடப்புறத்திலே இடிந்த சுவர், சாய்ந்த கூரை, சேறு படிந்த தெரு. வலப்புறத்திலே வண்ணம் தீட்டிய கட்டடம், வழவழப்பான தளம், வரிசை வரிசையாய் விளக்குகள். "பாரீர், நகரம் வளர்ந்துவிட்டது!" என்று பறைசாற்றுகிறார்கள். பார்த்தோம். பார்த்தபின் ஒரு கேள்வி எழுகிறது. இடப்புறத்துத் தெருவிலே ஒரு மனிதன் வாழ்ந்தானே, அவன் வலப்புறத்துப் படத்தில் எங்கே?

கேட்டால் சினம் கொள்கிறார்கள். "வளர்ச்சிக்கு எதிரியா நீர்?" என்று சீறுகிறார்கள். எதிரி அல்ல, தோழர்களே! சாக்கடையின் கரையிலே, ஓலைக் கூரையின் கீழே, ஏழை என்றென்றும் கிடக்கட்டும் என்று சொல்ல நாம் என்ன கல்நெஞ்சரா? இடியட்டும் இழிவு, எழட்டும் இல்லம். ஆனால் எவன் பெயரைச் சொல்லி இடித்தார்களோ, அவனுக்கு என்ன ஆயிற்று என்று காட்ட மறுக்கும் படம் சான்று ஆகாது. அது வெறும் விளம்பரம்!

சேலத்தையே எடுத்துக்கொள்வோம். 1866இல் நகராட்சியாகி, 1994இல் மாநகராட்சியான ஊர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் அதன் பெயரும் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டது. பேருந்துகள் போஸ் மைதானத்துக்குப் பெயர்ந்தன. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மாடியேறி வரும் பேருந்தைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். மகிழத் தக்கதே! ஆயினும் பேருந்து நிலையம் என்பது கம்பியும் சிமெண்டும் மட்டும்தானா? கூடையிலே பூ விற்பவள், குடையின் கீழமர்ந்து செருப்புத் தைப்பவர், தலையிலே மூட்டை சுமப்பவர், சன்னல் சன்னலாய் ஓடி வேர்க்கடலை விற்பவர் — இவர்களும் சேர்ந்ததன்றோ நிலையம்? கட்டடம் பெயர்ந்தபோது இவர்களில் எவர் உடன் பெயர்ந்தார், எவர் மீண்டு வந்தார், எவர் வராமலே போனார்? புதிய கட்டடத்துக்குப் பல நூறு படங்கள். இந்தக் கேள்விக்கு விடை கூற எத்தனை படங்கள்?

படக்கருவிக்குப் பஞ்சமான ஊரா சேலம்? 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்ற இடமல்லவா அது! தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அட்டையிலே அரண்மனை செய்து அதை உயிருள்ளதுபோல் காட்டிய ஊர், உயிருள்ள தெருவை ஓர் அட்டையளவுகூட மதிக்காமல் போவது முறையா? இன்று அந்தப் படநிலையத்தின் நுழைவு வளைவுதான் ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்கிறது. அங்கு விளக்குப் பிடித்தவன், வண்ணம் குழைத்தவன், அரங்கு அமைத்த தச்சன் பெயர்களை எந்த வளைவு சொல்லும்?

இந்தக் குறைக்கு வயது அதிகம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858இல் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்று, ராயக்கோட்டையையும் அந்நாளைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் பற்றியது. அவர் நாடியவை கோட்டையும் கோயிலும் குன்றும். கடல் கடந்து பார்த்தாலும் கதை இதுவே. கிளாஸ்கோ நகரத்தின் நெருக்கடியான சந்துகளை இடிப்பதற்கு 1866இல் சட்டம் வந்தது. இடிக்கு முன்னே அவற்றைப் படமெடுக்கும் வேலை தாமஸ் ஆனன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1868 முதல் 1871 வரை எடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகடு, ஒளியை உண்ண நேரம் கேட்கும். அசையாமல் நின்ற சுவர் தெளிவாகப் பதிந்தது. அசைந்த மனிதர் புகையாய்க் கலைந்தனர். யார் அசைவார்? உழைப்பவன் அசைவான், ஓடும் குழந்தை அசையும், நீர் சுமக்கும் தாய் அசைவாள். உழைப்போர் உருவமெல்லாம் புகையாயிற்று!

அன்று அது கருவியின் குறை. இன்றோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலே படம் பதிகிறது. கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. இன்றும் மனிதன் விடுபடுகிறான் என்றால், அது கருவியின் குறையா? எடுப்பவர் நெஞ்சின் குறை!

மற்றொரு கூட்டம் இருக்கிறது. பழைமைக்குப் பல்லாண்டு பாடும் கூட்டம். ஓட்டு வீடு, ஒய்யாரத் திண்ணை, வழவழத்த தூண், வாசலில் மாட்டுவண்டி, இவை கொண்ட பழம்படம் ஒன்றைக் கையில் ஏந்தி, "அந்தக் காலம் வருமா?" என்று பெருமூச்செறிகிறது. வரவேண்டாம் ஐயா! அந்தத் திண்ணையிலே அமரும் உரிமை யாருக்கு இருந்தது? செருப்பைக் கையிலே எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தவன் யார்? அந்தக் கிணற்றின் கயிற்றைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டவள் யார்? படம் இவற்றைச் சொல்லாது. சொல்லாததால்தான் அது அவர்களுக்கு இனிக்கிறது! வளர்ச்சி விளம்பரம் மனிதனை மறைக்கிறது. பழைமைப் பெருமூச்சு அவன் பட்ட இழிவை மறைக்கிறது. இரண்டுக்கும் தேவை ஆளில்லாத தெரு.

வேறு வழி இல்லையா? உண்டு. அமெரிக்காவிலே பஃபலோ நகரத்தில் மில்டன் ரோகோவின் என்ற கண் மருத்துவத் தொழிலர் இருந்தார். இடதுசாரி என்று 1957இல் விசாரணைக் குழுவின்முன் நிறுத்தப்பட்டார், தொழில் நலிந்தது, படக்கருவியைக் கையில் எடுத்தார். 1972 முதல், ஏழைகள் வாழ்ந்த கீழ்மேற்குப் பகுதியின் சில தெருக்களை, அங்குள்ள மக்களின் இசைவோடு படமெடுத்தார். எடுத்ததோடு போய்விடவில்லை. 1980களிலும், 1990களிலும், 2000க்குப் பின்னும் அதே மனிதரைத் தேடிச் சென்று மீண்டும் எடுத்தார். குழந்தை தாயாகியிருந்தது, இளைஞன் முதியவனாகியிருந்தான். அதுவல்லவா மாற்றத்தின் படம்! மாறியது தெருவா, வாழ்வா என்று அங்கே தெரிந்தது.

அத்தனை தொலைவு போவானேன்? நம் தமிழகத்திலேயே ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார், வடசென்னை வியாசர்பாடியின் இளையோர் கையிலே படக்கருவியைக் கொடுத்துப் பழக்கினார். அவர்கள் தம் தெருவைத் தாமே பதிந்தார்கள், அப்படங்கள் கண்காட்சியாயின. பிறர் வந்து 'சேரி' என்று சுட்டிய இடத்தை அவர்கள் 'எங்கள் வீடு' என்று காட்டினார்கள். குகையிலும் அம்மாபேட்டையிலும் கிச்சிப்பாளையத்திலும் அத்தகைய இளையோர் இல்லையா? கைத்தறியின் ஓசை தேய்ந்து விசைத்தறியின் ஓசை எழுந்த கதையை, தறிக்குழியில் இறங்கிய பாட்டனின் பெயரனைவிடத் திறமாக யார் பதியமுடியும்?

இது வெறும் கலைப் பேச்சன்று, சோற்றுப் பேச்சு! 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும்வரை எந்தத் தெரு வணிகரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது. கணக்கெடுப்பில் விடுபட்டவள், "இருபதாண்டாய் இங்கேதான் இருந்தேன்" என்று கதறினால், "சான்று எங்கே?" என்பார்கள். பட்டா இல்லாதவளுக்கு, பத்திரம் இல்லாதவளுக்கு, நாளும் பெயரும் குறித்த ஒரு படம் துணை நிற்குமே!

1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றது. 'குடிசை' என்ற இழிசொல் நீங்கி 'வாழ்விடம்' என்ற நற்சொல் வந்தது; வரவேற்கிறோம். வாழ்விடம் என்றபின், வாழ்பவனை விட்டுவிட்டு இடத்தை மட்டும் படமெடுப்பது என்ன நீதி?

ஆகவே கேட்கிறோம். தெருவொன்றை இடிக்குமுன் வீடுதோறும் கடைதோறும் படமெடுங்கள். அவர் இசைவோடு பெயரையும் தொழிலையும் வாழ்ந்த ஆண்டுகளையும் எழுதுங்கள். ஒரு படி அவர் கையிலேயே கொடுங்கள். புதுக் கட்டடம் திறக்கும் நாளிலே அதே மனிதரைத் தேடிப்பிடித்து, அவர் இருக்கும் இடத்திலேயே மீண்டும் படமெடுங்கள். இரண்டையும் ஊர் நூலகத்திலே வையுங்கள். கோடிகளைக் கொட்டிக் கட்டும் கட்டடத்தின் செலவிலே இது ஒரு குடம் சுண்ணாம்பின் விலை!

செய்வார்களானால் பாராட்டுவோம். மறுப்பார்களானால், அவர்கள் நீட்டும் ஒவ்வொரு 'பின்பு' படத்திலும் விரல் வைத்துக் கேட்போம்: "இவ்விடத்தில் இருந்தவர் எங்கே?"