பன்னிரண்டா, பதின்மூன்றா?

ரொறன்ரோவில் 2015 மார்ச் முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ரிரிசி பஸ் இலவசம். 13 ஆனால் காசு கட்ட வேணும். “ஆள் சின்னன்தானே, யார் கேக்கப் போகினம்?” என்று கொஞ்ச நாள் இழுக்கச் சொல்லும் மனம்.

எலிசா நாகமானிடம் கேட்டது யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொல்லி மட்டும்தான். பெரிய காரியமென்றால் செய்திருப்பான். சின்னது என்றபடியால் கோபம் வந்தது. வேலைக்காரர் சொல்லித்தான் இறங்கினான். நாங்களும் உபவாசம் என்றால் முன்னுக்கு நிப்போம். பஸ் காசென்றால் ஆண்டவரோடு பேரம் பேசுவோம்.

மிச்சம் பிடிக்கிறது சில டொலர். ஆனால் தன்ர வயசை அப்பா குறைச்சுச் சொல்லுறதைப் பிள்ளை பக்கத்தில் நிண்டு கேக்குது. ஞாயிறு பாடசாலையில் படிச்ச கட்டளையை அது பிறகு எப்படி நம்பும்? பிறந்தநாள் கேக் வெட்டின மறுநாளே காசைக் கட்டுங்கோ.