விண்மீனும் ஈமத்தீயும்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் சிறுவர் விளையாட்டு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வழக்கேடும் வயலுமாக வாழும் நமக்கு வானத்துக் கதை எதற்கு என்று கேட்போரும் உளர். அவர்கள் ஆதர் சி. கிளார்க்கின் ‘விண்மீன்’ என்னும் சிறுகதையைப் படித்துப் பார்க்கட்டும். 1955இல் வெளிவந்த அக்கதைக்கு மறு ஆண்டு ஹியூகோ பரிசு கிடைத்தது. அதே 1956இல் இலங்கையிற் குடியேறிய அவர், 2008இல் மறையும்வரை இந்நாட்டையே உறைவிடமாகக் கொண்டவர்.

வெடித்துச் சிதறிய ஞாயிறு ஒன்றின் எச்சங்களை ஆராயச் செல்கின்றது ஒரு குழு. அதன் வானியலாளர் ஒரு யேசுசபைக் குருவானவர். அங்கே கடைக்கோடிக் கோளில் ஒரு பெட்டகம் காணப்படுகின்றது. தம் அழிவை முன்னரே அறிந்த ஓர் இனத்தார், தம் கலைச்செல்வங்களையும் கடற்கரையில் விளையாடும் குழந்தைகளின் படங்களையும் அதில் வைத்துவிட்டு மாண்டிருக்கின்றனர். வெடிப்பின் காலத்தைக் கணக்கிடுகின்றார் குருவானவர். அவ்வொளி பூமியை எட்டிய காலம், ஞானியர் பெத்லகேமின் விண்மீனைக் கண்ட காலம்!

இறைவனைக் குறைகூறும் கதை இதுவென்று சில அன்பர்கள் சினக்கலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு சாராருக்கு வழிகாட்டிய ஒளியே மற்றொரு சாராருக்கு ஈமத்தீயாயிற்று என்பதே எம்மைச் சுட்டது. கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதரவில் இருந்து இதனைப் படிக்கும் எமக்கு, இதன் பொருளறிய விண்வெளிவரை செல்லவேண்டியதில்லை. 1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திர ஒளி கண்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது என்பர். மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வசித்தமையை எண்பிக்க வேண்டுமாம்! லயக் காம்பிராவில் வாழ்ந்தவரிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? அழிந்துபோன அந்த இனத்தாரிடமாவது ஒரு பெட்டகம் இருந்தது.

கிளார்க்கின் ‘கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள்’ என்ற 1953ஆம் ஆண்டுக் கதையையும் படித்தோம். திபெத்துத் துறவிகள் கணிப்பொறி கொண்டு இறைவன் நாமங்களைத் தொகுக்கும் கதை அது. சாமர்த்தியமான கதைதான், வியந்தோம், உறங்கியும் விட்டோம். ‘விண்மீன்’ எம்மை உறங்கவிடவில்லை.

ஞாயிறு வெடித்ததற்கும் சட்டம் இயற்றியதற்கும் ஒப்புமை கூறுதல் பொருந்துமா என்று சட்டம் பயின்ற நண்பர்கள் கேட்பர். பொருந்தாதுதான். ஞாயிற்றை வெடிக்கச்செய்ய எவரும் வாக்களிக்கவில்லை. 1948இல் வாக்கெடுப்பு நடந்தது. தமிழ் உறுப்பினர் சிலரும் ஆதரவாகக் கையுயர்த்தினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இடைப்பட்ட ஆண்டுகள் 55.