ஓரத்துல நின்னவங்க

ரெண்டு நாளா அடைமழை. மஞ்சக் காட்டுல கால் வெச்சா முழங்கால் வரைக்கும் இறங்குது. அதனால இந்த வாரம் வெள்ளாமைக் கதை வேண்டாம், வீட்டுக்குள்ள நடந்த ஒண்ணை எழுதுறேன்.

புரட்டாசியில எங்கப்பாவுக்கு எண்பது வயசு முடிஞ்சது. லீவுக்கு வந்த மகள், அப்பாருக்குக் கையால ஏதாவது செஞ்சு குடுக்கணும்னு பரண்ல கிடந்த தகரப் பெட்டியை இறக்கினா. எங்க வீட்டுப் பழைய போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து முகம் முகமா வெட்டி, பெரிய சார்ட் அட்டையில ஆலமரம் வரைஞ்சு, கிளை கிளையா ஒட்டிட்டா. கொலாஜாம்.

உண்மையைச் சொல்லணும்னா, ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்பா அதை மடியில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நகரல. பெட்டியில பூட்டி வெச்சு ராமபாணப் பூச்சிக்குத் தீனி போடறதுக்கு இது எவ்வளவோ மேல். நமக்கு இது புதுசும் இல்லீங்க. அந்தக் காலத்துல ஆசாரத்துச் சுவத்துல ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள்ள பத்துப் பன்னெண்டு போட்டோவைச் சொருகி மாட்டியிருப்பாங்களே, அதுவும் கொலாஜ்தானே? ஆனா அதுல யாரையும் வெட்ட மாட்டாங்க.

அம்மாதான் முதல்ல பாத்தாங்க. அடிக்கிளையில நான். 1981-ல காதுகுத்து அன்னிக்கு எடுத்தது. மொட்டைத் தலை, அழுத மூஞ்சி. என் இடுப்பைச் சுத்தி கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. அந்தக் கைக்கு உடம்பு இல்ல.

"அவங்க யாருன்னு தெரியலீங்கப்பா. ஓரத்துல நின்னாங்க, வெட்டிட்டேன்" அப்படீன்னா மகள்.

அவங்க எங்க தோட்டத்துல முப்பது வருசத்துக்கு மேல களை எடுத்தவங்க. அம்மா காட்டுல நின்னா நான் அவங்க இடுப்புலதான். காது குத்தி நான் வீறிட்டு அழுதப்போ வாங்கிக்கிட்டவங்களை, போட்டோக்காரர் அப்படியே ஓரமா நிக்க வெச்சு எடுத்துட்டார். சின்னப் பையன் நான் அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போன்னு. அப்போ அதுதான் வழக்கம். இப்ப நினைச்சா கூசுது.

அவங்க இறந்தப்போ, மாலை போட்டு வெக்க ஒரு படம் இருக்குமான்னு அவங்க மகன் எங்க வீட்டுக்கு வந்து கேட்டார். பாக்கலாம்னு சொன்னோம். பெட்டியை யாரும் இறக்கவே இல்ல. மிச்சத் துண்டுகளை வாசல் கூட்டினப்போ வெந்நி அடுப்புல போட்டாச்சு. போட்டோ எடுத்த ஸ்டுடியோவை மூடியே பல வருசம் ஆச்சு. மகளைத் திட்ட எனக்கு வாய் வரல. வெட்டினது அவ, மறந்தது நாங்க.

அதனால கேக்கறேன்: கொலாஜ் செய்யுங்க, தாராளமா செய்யுங்க, ஆனா அசல்ல கத்தரி வெக்காதீங்க. டவுன்ல ஸ்கேன் பண்ணி, அந்தப் பிரிண்டை எப்படி வேணா வெட்டுங்க. போன்ல எடுத்தாலும் போதும். நிழல்ல வெச்சு, ஃப்ளாஷ் இல்லாம, நேர் மேல இருந்து எடுங்க. கண்ணாடியோட ஒட்டிப்போனதைப் பிச்சு எடுக்காதீங்க, மேல்பூச்சு உரிஞ்சு வந்துரும், கண்ணாடியோடவே எடுத்துக்கலாம். கலர் போட்டோவை முதல்ல எடுங்க. கருப்பு வெள்ளையில இருக்கறது வெள்ளி, தாங்கும். கலர்ல இருக்கறது வெறும் சாயம். எங்க தங்கச்சி கல்யாண ஆல்பம் இப்பவே செம்மண் நிறத்துல இருக்கு.

வெட்டறதுக்கு முன்னாடி பெட்டியோட வீட்டுப் பெரியவங்க பக்கத்துல போய் உட்காருங்க. ஓரத்துல நிக்கறது யாரு, பின்னாடி தெரியற மாட்டுக்குப் பேர் என்ன, அந்தக் கவலைக் கிணறு எந்தக் காட்டுதுன்னு கேட்டு, பின்பக்கம் பென்சில்ல மெதுவா எழுதி வெய்யுங்க. பேனா வேண்டாம், மை ஊறி முன்னால தெரியும்.

போன வாரம் அவங்க மகன்கிட்டப் போய் நடந்ததைச் சொன்னேன். கோவிச்சுக்குவார்னு நினைச்சேன். போன்ல அந்தக் கையைப் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தார். "வளையல் அம்மாளுதுதானுங்க. இதையே பெருசாப் போட்டுக் குடுங்க, போதும்"னார்.

மழை விட்டதும் டவுனுக்குப் போகணும்.